ஆள் பிடிக்கப் போன கணேசமூர்த்தி

எங்கள் வீட்டுக்காரருக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தபடியே சாப்பிடுவார். ரசம் தரையெல்லாம் சொட்டும். துடைப்பது யார்? நான்தான். சவரம் செய்யும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். காஜா பேராங் சாலையில் சாயங்காலம் ஒரு சைக்கிள் மணி விடாமல் அடித்துக்கொண்டு போனால், வழியில் யாரும் குறுக்கே நிற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கணேசமூர்த்தி கிராணியின் கை சும்மா இருக்காது என்று தெருவுக்கே தெரியும்.

மலாக்காவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அவருக்கு அலுவலகக் கிராணி, அதாவது குமாஸ்தா உத்தியோகம். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் சிலருக்கு முகம் கறுக்கும். எந்த வார்டுக்கு எத்தனை மிஸ்ஸிகள், யாருக்குப் பகல், யாருக்கு இரவு, யார் விலகிப் போகிறாள், அந்த இடத்துக்கு யார் என்பதெல்லாம் இவர் மேசைக்குத்தான் வரும். நர்ஸுகளை எங்கள் ஊரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருமே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சேர்க்க வீடு வீடாக அலைய ஆரம்பித்த பிறகு இவருக்கு 'ஆள் பிடிக்கிற கணேசமூர்த்தி' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. இவருடைய தாத்தா கங்காணியாக இருந்து தோட்டத்துக்கு ஆள் பிடித்தவர். "ரத்தத்துலயே ஓடுது லா" என்று பக்கத்து வீட்டுத் தம்பிராஜா கிண்டல் செய்வார். இவருக்குக் கோபம் வராது, கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மூடிவைத்துக் கதை சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நானும் அதே ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக இருந்தவள். என் பெயர் கமலவேணி. செமாபோக்கில் எங்கள் அப்பா ரோடு போடும் வேலையில் மேஸ்திரி. சொந்தக்காரர்கள் பேசிய பேச்சையெல்லாம் காதில் வாங்காமல் என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார். ஈரத்தோடு வழுக்கிக்கொண்டு வந்த குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கிய அன்று, இதற்குத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்தேன். பிறகு அலுவலகத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்த இந்த மனுஷரைக் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாணமான பெண் நர்ஸாக இருக்கக் கூடாது என்பது வெள்ளைக்காரர் வைத்த சட்டம். கழுத்தில் தாலி ஏறினால் தலையிலிருந்து தொப்பி இறங்க வேண்டும். என்னுடைய விலகல் கடிதத்தை டைப் அடித்தது யார் தெரியுமா? மாப்பிள்ளையேதான். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்பே அடித்து முடித்துவிட்டார்.

"எல்லாம் முறையா இருக்கணும் வேணி" என்றார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லி அழ நான் உட்காரவில்லை. ஆனால் காலையில் அவர் கிளம்பிய பிறகு கூட்டித் துடைத்து, பசாருக்குப் போய்வந்து, சமைத்து மூடிவைத்துவிட்டால், மீதிப் பகல் முழுவதும் என் இரண்டு கையும் என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும். அடுக்கின பாத்திரத்தையே மறுபடி இறக்கி அடுக்குவேன். எனக்கு வார்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த ஒன்றுதான் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நினைப்பு.

ஐம்பத்தாறில், பண்டார் ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியைச் சொன்ன கூட்டத்துக்கு இவரும் போய்வந்தார். ஊரெல்லாம் ஒரே ஆரவாரம். இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடக்க ஆரம்பித்தார்.

"வெள்ளைக்காரச் சிஸ்டருங்க எல்லாம் மூட்டை கட்டிடுவாங்க வேணி. சிலோன் மிஸ்ஸிங்களும் கிளம்புறாங்க. அந்த இடத்துல யார் நிக்கிறது? கொடி ஏத்திடலாம். பிரசவம் யார் பார்க்கிறது?"

நல்ல கேள்வி. நான் அடுப்பை விட்டுத் திரும்பி அவர் முகத்தையே பார்த்தேன். இதோ கேட்கப் போகிறார், இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"கோப்பி இருக்கா?" என்றார்.

அதற்குப் பிறகு இவர் கால் வீட்டில் தரிக்கவில்லை. ஆஸ்பத்திரியின் மேட்ரன் ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லா மிஸ்ஸிகளுக்கும் மேலே இருந்தவர். சீக்கிரமே கப்பல் ஏற இருந்த அவர், இவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். ஊரில் நன்றாகப் படித்த பெண் பிள்ளைகளாகப் பார்த்து மூன்று வருஷப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். போதுமான பிள்ளைகள் சேராவிட்டால் பயிற்சி வகுப்பு வேறு ஊருக்குப் போய்விடும். பார்க்க ஆள் இல்லாத வார்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பின்பக்க வார்டைப் பூட்டிவிடுவார்கள். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் லாரியில் வலியோடு வந்து இறங்கும் பெண்களுக்குப் பின்பக்க வார்டுதான் போக்கிடம். அதைப் பூட்டினால் அவர்கள் நடைபாதைத் தரையில் பிள்ளை பெற வேண்டும். இவருக்கு அந்தக் கவலை உண்மையிலேயே இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

"நீயும் கூட வா வேணி. பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் தனியாப் போய் நின்னா நல்லா இருக்காது. ஒரு மிஸ்ஸி எப்படி இருப்பான்னு அவங்களும் பார்த்துக்கட்டும்" என்றார்.

அதாவது, வளையல்கடைக்காரன் ஒரு வளையலைத் தன் கையிலேயே போட்டுக் காட்டுவதுபோல என்னைக் காட்டுவதற்கு. போனேன். வீட்டில் பாத்திரம் அடுக்குவதற்கு இது தேவலை.

முதலில் போனது செட்டிநாட்டிலிருந்து வந்து ஊரில் வெகுகாலமாக இருக்கும் நாச்சியம்மை ஆச்சி வீட்டுக்கு. அவருடைய பேத்தி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்தவள். ஆச்சி எங்களை உட்காரவைத்து முறுக்கும் கோப்பியும் கொடுத்தார். இவர் உட்கார்ந்த நாற்காலி நடுங்கிக்கொண்டே இருந்தது.

"ராத்திரி வேலை உண்டுமா?" என்று கேட்டார் ஆச்சி.

"உண்டு ஆச்சி. ஆனா ஹாஸ்டல் வாசல்ல ஜாகா, காவலுக்கு ஆள் இருக்கான். கேட்டைப் பூட்டிடுவாங்க. ஈ எறும்பு நுழையாது."

"ஆம்பளைங்களைத் தொட்டு வைத்தியம் பார்க்கணுமா?"

"பிரசவ ஆஸ்பத்திரி ஆச்சி. ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?"

ஆச்சி சிரித்துவிட்டார். காரியம் பலித்தது என்று இவர் நினைத்திருப்பார். ஆனால் ஆச்சி வட்டிக்கடை வீட்டில் வாழ்ந்தவர். சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மூணு வருஷம் படிச்ச பிறகு?"

"மிஸ்ஸி ஆயிடலாம். கவர்மெண்டு உத்தியோகம்."

"கல்யாணம் ஆன பிறகு?"

"நின்னுக்கலாம் ஆச்சி."

"நின்னுக்கலாமா, நிறுத்திடுவீங்களா?"

இவர் காலாட்டம் வேகம் எடுத்தது. "சட்டம் அப்படி ஆச்சி."

ஆச்சி என் பக்கம் திரும்பினார். "நீ மிஸ்ஸியா இருந்தவதானே?"

"ஆமா ஆச்சி."

"இப்ப என்ன பண்றே?"

"சமைக்கிறேன்."

"அப்படிப் போடு! நல்லாத்தான் இருக்கு உங்க நிர்வாகம். பிள்ளையைப் பிடிச்சுப் படிக்கவச்சு, வேலை கைக்கு வர்ற நேரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டு, மறுபடி இன்னொரு பிள்ளையைத் தேடி வெயில்ல அலையிறீங்க. ஓட்டைக் குடத்துல ஊத்துறதுக்கு எம் பேத்திதான் கெடச்சாளா? முதல்ல உங்க வீட்லேருந்து ஒருத்தியை அனுப்பிட்டு எங்கிட்ட வாங்க."

இவர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "எங்க வீட்ல ஆள் இல்லையே ஆச்சி. பெண் பிள்ளை இருந்தா அனுப்ப மாட்டேனா?"

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் வாயில் முறுக்கு இருந்தது. நல்லவேளையாக இருந்தது.

ஆச்சி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வீட்ல கேட்டுச் சொல்றோம்" என்று எழுந்துகொண்டார். அது முடியாது என்பதற்கு மரியாதையான சொல். அதற்குப் பிறகு போன வீடுகளிலும் இதே பதில்தான். யாரும் வெடுக்கென்று மறுக்கவில்லை. எல்லோரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறவர்கள்தான். கலியாணசுந்தரம் என்று ஒரு வாத்தியார், தன் மகளை அனுப்புவதில் தனக்கு முழுச் சம்மதம் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் அவரும் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் மனைவி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு செட்டி கம்பம் என்ற குடியிருப்பில் சேதுபதி என்பவரின் வீட்டுக்குப் போனோம். அந்தக் கம்பத்து ஜனங்கள் நெற்றியில் திருநீறு பூசி மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் வீட்டுப் பேச்சு மலாய்தான், பெண்கள் கட்டுவது கெபாயாவும் சாரோங்கும். நாங்களும் மலாயிலேயே பேசினோம். அவருடைய மகள் சீதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்படியும் அந்த வீட்டில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவனாம், படிக்கட்டும் என்று அவனே சொன்னானாம். என் மனசு குளிர்ந்தது. அந்தப் பெண் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அக்கா, கல்யாணம் முடிஞ்ச பிறகும் நான் வார்டுக்குப் போகலாம்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "தா போலே" என்றார். முடியாது என்று அர்த்தம். சட்டத்தை மலாயில் விளக்க ஆரம்பித்தார், கையை ஆட்டி ஆட்டி.

அவள் முகம் விழுந்ததை நான் பார்த்தேன். அவளுடைய அம்மா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையில் கிடைத்த பெண்ணைத் தன் வாயாலேயே தொலைத்துவிட்டு, "வேறே வீடு பார்க்கலாம்" என்று இவர் சைக்கிளை எடுத்தார்.

நடுரோட்டில் பிடித்துக்கொண்டேன். தெரு பார்த்தால் பார்க்கட்டும்.

"என்னங்க, ஆள் இல்லை ஆள் இல்லைன்னு ஊரெல்லாம் அலையிறீங்களே, உங்க கண்ணுக்கு நான் ஆளாத் தெரியலையா?"

"உனக்கென்ன? உனக்கு வீடு இருக்கு."

"நான் மிஸ்ஸி!"

"மிஸ்ஸியா இருந்தே" என்றார். கோபமே இல்லாமல், ஒரு தவறான தேதியைத் திருத்துகிற மாதிரி சொன்னார். "சட்டம் வேணி. நான் என்ன பண்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். போடவில்லை. வீட்டுக்குப் போய் வெள்ளைப் புடவை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டேன். மறுநாள் இவர் கிளம்பிய பிறகு அதைக் கட்டிக்கொண்டு, அலுவலகம் இருக்கும் முன்வாசலை விட்டுவிட்டு, துணி வெளுக்கும் பக்கமாக நுழைந்து மேட்ரன் அறைக்குப் போனேன்.

மேட்ரன் என்னை அடையாளம் கண்டு எழுந்தே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் கண் நேராக என் வயிற்றுக்குப் போயிற்று. "கமலவேணி! எத்தனை மாதம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

உயிர் போகிற மாதிரி இருந்தது. "குழந்தை இல்லை மேடம். வேலை கேட்டு வந்தேன்" என்றேன்.

அவர் எனக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு உட்காரச் சொன்னார். நிரந்தர வேலை சட்டப்படி கிடையாது, ஆனால் இப்படி ஆள் தட்டுப்பாடான காலத்தில் மாதத்துக்கு மாதம் தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளலாம், மற்ற ஊர்களில் செய்ய ஆரம்பித்திருக்கிறார்கள், கணவர் சம்மதித்தால் போதும் என்றார். சொல்லிக்கொண்டே மேசை மணியைத் தட்டினார். யார் வருவார்? அவருடைய கிராணிதான்.

இவர் அவசரமாக உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கால் நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"கணேசமூர்த்தி, காஜா பேராங்கில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவரும் இல்லை என்றாயே?"

"இவர் என் மனைவி, மேடம்."

"அது தெரியும். நான் நர்ஸைப் பற்றிக் கேட்டேன். இவர் வேலைக்கு வருவதில் உனக்குச் சம்மதமா?"

இவர் விழித்தார். கை சட்டைப் பொத்தானைத் திருகியது. இத்தனை வீடுகளில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை தானாக வந்து வாயில் விழுந்தது.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன், மேடம்."

மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் மேட்ரனைப் பார்த்தேன். அடக்கிப் பார்த்தோம், முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். இவர் காதெல்லாம் சிவந்து வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டில் சிரிப்பு இல்லை. நடந்தார், நடந்தார், கூடத்தின் சிமெண்டு தேயும்வரை நடந்தார்.

"ஆபீஸ்ல மானத்தை வாங்கிட்டே. ஊர் என்ன சொல்லும்? கிராணி சம்பாத்தியம் பத்தலை, பெண்டாட்டியை வேலைக்கு அனுப்புறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அப்போ இத்தனை வீட்டு வாசல்ல போய், கௌரவமான வேலை, புண்ணியமான வேலைன்னு நீட்டி முழக்கினது?"

"அது அவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு."

"நான் யார் வீட்டுப் பிள்ளை? செமாபோக் மேஸ்திரி வீட்டுப் பிள்ளை. எங்கப்பன் படிக்கவச்சான். அடுத்தவன் பிள்ளையை அனுப்பச் சொல்ற வாய்க்கு சொந்த வீட்டுக்கு வந்தா பூட்டா? நீங்க சொன்னதை நீங்களே நம்பலைன்னா ஆச்சி எப்படி நம்புவாங்க?"

அன்று நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நடந்துகொண்டே சாப்பிட அவருக்குத் தட்டும் இல்லை.

மறுநாள் கோப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். நாளெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நானே நடக்க ஆரம்பித்துவிட்டேன், அவர் வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போல. சைக்கிள் மணி கேட்டது. உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தொப்பிக்குக் கஞ்சி போடணும்ல. திங்கட்கிழமை காலை ட்யூட்டி போட்டிருக்கேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் தீராமலேதான் அழுதேன். இரண்டும் சேர்ந்து வருமா என்று கேட்காதீர்கள், வரும்.

வார்டு என்னை மறக்கவில்லை. டெட்டால் வாசனை, அலறல், வெந்நீர் வாளி, லாரியில் வந்து இறங்கும் பெண்களின் கலவரமான முகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. என் கைகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் வெள்ளைக் கவுனும் தாலியுமாக காஜா பேராங் சாலையில் நடந்து போவதைப் பார்த்த பிறகு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்களில் சிலர் தாங்களாகவே வந்து கேட்டார்கள். சேதுபதியும் வந்தார். இவளைத் தற்காலிகமாகவாவது வைத்திருக்கிறார்களே, நம் பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு வழி பிறக்காதா என்று, சீதாவின் கல்யாணத்தை இரு வீட்டாரும் பேசித் தள்ளிப்போட்டார்கள். நாச்சியம்மை ஆச்சி மட்டும் அசையவில்லை. "மாசா மாசம் வாடகைக்கு எடுத்த மாதிரில்ல வச்சிருக்காங்க உன்னை" என்று என்னிடமே சொன்னார்.

வகுப்பு நிறைந்தது. பின்பக்க வார்டு பூட்டப்படவில்லை. மேட்ரனை வழியனுப்பும் விருந்தில் இவருக்கு மாலை போட்டார்கள். ஆள் கிடைக்காத காலத்தில் ஆள் கொண்டுவந்தவர் என்று பாராட்டினார்கள். எனக்கு அன்று மதிய ட்யூட்டி. விருந்துக்குப் போகவில்லை.

சுதந்திரம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"என்னங்க?"

"தற்காலிகமா இருக்கிறவங்களை இந்த மாசக் கடைசியோட நிறுத்தச் சொல்லி மேலேருந்து உத்தரவு. பயிற்சிப் பிள்ளைங்க நெறையச் சேர்ந்தாச்சாம். இனிமே தேவையில்லையாம்."

"படிக்கிற பிள்ளைங்களைப் போய் ஆள்னு கணக்கு வச்சாங்களா? அதுங்களுக்கு இன்னும் ஊசி போடவே கை நடுங்குது!"

"தெரியும்."

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். எழுதியும் அனுப்பினேன்."

"அப்புறம்?"

"உத்தரவு முறையா வந்திருக்கு வேணி. நான்தான் டைப் அடிச்சுக் கொடுக்கணும்."

வெயிலென்றும் மழையென்றும் பார்க்காமல் ஆள் பிடித்து ஆள் பிடித்து, கடைசியில் சொந்தப் பெண்டாட்டியின் இடத்தையே நிரப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்! முறை, முறை, முறை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் குமட்டியது. அதற்குப் பிறகு மாதக் கடைசிவரை நான் அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். அவரும் பேசவில்லை. நடந்தார்.

கடைசி நாள் எனக்குக் காலை ட்யூட்டி. எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. மயக்க மருந்தும் விஷ மருந்தும் இருக்கும் அலமாரியின் சாவி, ட்யூட்டியில் இருக்கும் மிஸ்ஸியின் இடுப்பில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்தால் அடுத்து வரும் மிஸ்ஸியின் கையில்தான் கொடுக்க வேண்டும். மேசைமேல் வைத்துவிட்டுப் போக முடியாது. படிக்கிற பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் சாவியை ஒப்படைக்காமல் வார்டை விட்டு வெளியேற முடியாது.

மதியம் ஆயிற்று. என்னை விடுவிக்க யாரும் வரவில்லை. வர வேண்டிய சிலோன் மிஸ்ஸி முந்தின வாரம்தான் கப்பல் ஏறியிருந்தாள். இன்னொருத்திக்குக் காய்ச்சல். அப்போது இருந்த மேட்ரன் பினாங்கிலிருந்து புதிதாக வந்த சீன அம்மாள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மேலிருந்து வந்தது எதுவோ அதுதான் அவருக்கு வேதம். அவர் வார்டுக்கு வந்து, "ஏன் இன்னும் நிற்கிறீர்கள்? சாவியைச் சீதாவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்றார்.

சீதா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முடியாது மேடம். அவள் இன்னும் படிக்கிறவள்" என்றேன்.

"இன்று மதியம் மட்டும்தானே?"

"மதியத்தில் ஒருத்திக்கு ஏதாவது ஆனால் பதில் யார் சொல்வது?"

குரல் ஏறியது, என்னுடையதும்தான். கட்டிலில் கிடந்த பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மேட்ரன் ஆயாவை அனுப்பி, "கணேசமூர்த்தியை அந்த உத்தரவோடு வரச் சொல்" என்றார்.

இவர் வந்தார். என் எதிரில் நின்று, உத்தரவை முறையாகப் படித்து, என்னை முறையாக வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நிமிஷத்தில் அவரை வெறுத்தேன். மனசறிந்து சொல்கிறேன், வெறுத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேட்ரனைப் பார்த்து, வழக்கம்போல மரியாதையான இங்கிலீஷில் பேசினார்.

"மேடம், இவரை இன்றோடு விலக்க உத்தரவு இருக்கிறது. அதை நான்தான் அடித்தேன். பயிற்சியில் இருப்பவரிடம் சாவி கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவு இருக்கிறது. அதையும் நான்தான் அடித்தேன். இரண்டும் முறையான உத்தரவு. சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பெயரை இப்போதே அடித்துக் கொண்டுவருகிறேன்."

மேட்ரன் என் இடுப்பிலிருந்த சாவியையும் சீதாவையும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள்."

என் கை இடுப்புக்குப் போய்விட்டது. அவரும் பயிற்சி பெற்ற நர்ஸ்தானே, கொடுக்காமல் என்ன செய்வது?

"நல்லது மேடம்" என்றார் இவர். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அப்படியானால் மதிய ட்யூட்டியை உங்கள் பெயரில் போட்டுவிடுகிறேன். நாளைக் காலைக்கும் ஆள் இல்லை. அதையும் உங்களுக்கே போடட்டுமா?"

பேனா காகிதத்துக்கு மேலே காத்திருந்தது. பின்பக்கக் கட்டிலில் தோட்டத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, "மிஸ்ஸி, ஐயோ, மிஸ்ஸி!" என்று வீறிட்டாள்.

மேட்ரனின் கை மெல்லக் கீழே இறங்கியது. "இன்னும் ஒரு மாதம்" என்றார்.

நான் அதற்குள் பின்பக்கம் ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. எல்லாம் சுத்தம் செய்துவிட்டு வெளியே வந்தபோது, இவர் நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். ஆபீஸ் மூடி வெகு நேரமாகியிருந்தது. நானே முதலில் பேசினேன்.

"சாப்பிட்டீங்களா?"

"இல்லை. நீ?"

"இல்லை."

"பசிக்குது வேணி" என்றார். கண் கலங்கியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆயா பார்த்துக்கொண்டிருந்தாள், பரவாயில்லை என்று பிடித்துக்கொண்டேன்.

விலக்கச் சொன்ன உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் இவர் என் பெயரை அடுத்த மாதத்துக்கு மட்டும் நீட்டி அடிப்பார், மேட்ரன் கையெழுத்துப் போடுவார். இவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த கிராணியும் அப்படியே செய்தார். என் தலை நரைத்து, கண் மங்கி, இனி முடியாது என்று நானே சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாள்வரைக்கும் நான் அந்த ஆஸ்பத்திரியில் தற்காலிகமாகத்தான் இருந்தேன்.